அமரர் கல்கியும் திருவாலங்காட்டுச் செப்பேடும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவள்ளூரைக் கடந்து ஐந்தாறு நிலையங்கள் சென்றால் திருவாலங்காடு வரும். காரைக்காலம்மையார் பாடிப் பரவிய தலம். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை அமைந்த ஊர். பழையனூர் நீலியின் கதையைக் கேட்டு வளர்ந்தோர் நம் மாவட்டத்தில் பலர். ஆயினும் தமிழில் மிகுதியாகப் படிக்கப்பெற்ற வரலாற்றுப் புதினங்களுள் ஒன்றின் உயிர்நாடி இவ்வூரில் கிடைத்த செம்புத் தகடுகளில் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அமரர் கல்கியின் வாழ்வை அந்தத் தகடுகளை முன்வைத்துச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

1905ஆம் ஆண்டு திருவாலங்காட்டுத் திருக்கோயிலில் 31 செப்பேடுகள் கண்டறியப்பட்டன. அவை ஒரு பெரிய வளையத்தில் கோக்கப்பட்டு, சோழர் முத்திரை பொறிக்கப்பெற்றவை. அவ்வேளையில் பழைய தஞ்சை மாவட்டத்தில், மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில், கிராமக் கணக்கர் இராமசாமி ஐயரின் இல்லத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். 1899 செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்த கிருஷ்ணமூர்த்தியே அச்சிறுவன். செப்பேடும் சிறுவனும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

சிறுவன் மாயவரத்திலும், பின்னர்த் திருச்சி தேசியக் கல்லூரியைச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றான். 1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு எழுந்தபோது, இறுதித் தேர்வு நெருங்கிய நிலையிலும் படிப்பைத் துறந்தான். மறு ஆண்டு ஓராண்டுச் சிறை. கல்லூரி வாசலை மிதிக்காத, வரலாற்றை முறையாகப் பயிலாத ஒருவரே பிற்காலத்தில் சோழப் பெருவேந்தரின் குடும்ப வரலாற்றை இலட்சக்கணக்கான தமிழர் உள்ளத்தில் நிலைநிறுத்தினார். எழுத முனைவோருக்கு இது ஊக்கம் தரும் செய்தி. பட்டம் இல்லாமையைத் தீராத வாசிப்பால் ஈடுசெய்தவர் அவர் என்பதையும் இத்துடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

1923இல் திரு.வி.க.வின் நவசக்தியில் துணையாசிரியராக அமர்ந்தார். தமிழ் உரைநடையின் மிடுக்கை அங்கே கற்றார். பின்பு திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியின் அருகிருந்து, மதுவிலக்கைப் பரப்பிய விமோசனம் இதழின் பணியில் துணைநின்றார். அங்கே எளிமையைக் கற்றார். எஸ்.எஸ்.வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பேற்றபின், வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்யும் வித்தையைக் கற்றார். 1941இல் விகடனிலிருந்து விலகி, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறை சென்றார். அவ்வாண்டே நண்பர் சதாசிவத்துடன் இணைந்து கல்கி இதழைத் தொடங்கினார். மிடுக்கு, எளிமை, காத்திருக்கச் செய்தல் ஆகிய மூன்றும் அவரிடம் ஒன்றுசேர்ந்தபின்னரே வரலாற்றுப் புதினத்தில் அவர் கைவைத்தார் என்பது கருதத்தக்கது.

தமிழில் வரலாற்றுப் புதினம் கல்கிக்கு முன்னரே உண்டு. தி.த.சரவணமுத்துப் பிள்ளையின் மோகனாங்கி 1895இலேயே வெளிவந்தது. மேலை நாட்டில் வால்டர் ஸ்காட்டு 1814இல் தம் முதல் வரலாற்றுப் புதினத்தை வெளியிட்டு ஒரு மரபையே தொடங்கிவைத்திருந்தார். ஆனால் தமிழகத்தில் அந்த மரபு வேரூன்றக் கல்வெட்டுத்துறை வளர வேண்டியிருந்தது. பல்லவர், சோழர் என்னும் பெயர்கள் மக்கள் நாவில் இருந்தாலும், யாருக்குப்பின் யார் ஆண்டார், யார் யாருக்கு என்ன உறவு என்பவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கிக் கற்களையும் செம்புகளையும் படித்தறிந்த பின்னரே தெளிவாயின. மகேந்திரவர்மர் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகம் அச்சில் வந்தது 1917இல்தான். அரசன் ஒருவன் சிற்பியாக, இசைவல்லானாக, நாடக ஆசிரியனாக விளங்கினான் என்று அறிஞர் உலகம் அறிந்து இருபது, முப்பது ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில் கல்கி அவனைக் கதைமாந்தன் ஆக்கினார்.

1941இல் தொடங்கிய பார்த்திபன் கனவில் வரலாறு மெல்லிய திரைச்சீலை. கற்பனையே மேலோங்கிய ஓவியம். அடுத்து வந்த சிவகாமியின் சபதத்தில் நிலை மாறியது. அந்நூலின் கரு, இரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரத்துக் கடற்கரையில் அமர்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில் தம் உள்ளத்தில் தோன்றியதென்றும், நூல் நிறைவுபெறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்றும் கல்கி அதன் முன்னுரையில் தெரிவித்துள்ளார். கண்ட சிற்பத்தை உடனே கதையாக்காமல், அதன் காலத்தையும் மனிதரையும் அறியும்வரை அவர் பொறுத்திருந்தார். வாரப் பத்திரிகையின் நெருக்கடியில் உழன்ற ஒருவர் ஒரு கருவைப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது சிறிய செயலன்று.

இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் சிகரமாக அமைந்தது பொன்னியின் செல்வன். 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1954 மே மாதம் வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. ஓவியர் மணியம் அதற்குச் சித்திரம் தீட்டினார். புது வெள்ளம் முதல் தியாகச் சிகரம் வரை ஐந்து பாகங்கள். கதை நிகழும் காலமோ ஓராண்டுக்கும் குறைவு. அந்தக் குறுகிய காலத்தைத் தேர்ந்ததில்தான் கல்கியின் ஆராய்ச்சித் திறம் வெளிப்படுகிறது. அதைக் காணத் திருவாலங்காட்டுக்குத் திரும்ப வேண்டும்.

திருவாலங்காட்டுச் செப்பேடு முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1018இல், பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக அளித்த ஆணையைக் கூறுவது. அதன் தமிழ்ப் பகுதி 500க்கு மேற்பட்ட வரிகள் கொண்டது. ஊரின் எல்லைகளை விரித்துரைப்பது. வடமொழிப் பகுதியோ நாராயணன் என்னும் கவிஞர் இயற்றிய 137 சுலோகங்கள். இப்பகுதி இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் பாடுகிறது. ஆதலின் ஆணை பிறந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே அது இயற்றப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் முடிவு. ஒரே வளையத்தில் கோத்த தகடுகளில் இரண்டு காலங்கள் உள்ளன. 1920இல் இச்செப்பேட்டை எச்.கிருஷ்ண சாஸ்திரி தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார்.

அந்தச் சுலோகங்களில் சோழர் குலவரலாறு வரிசையாக வருகிறது. தக்கோலப் போரில் யானைமீதிருந்து உயிர்நீத்த இராசாதித்தன் வருகிறான். 949இல் நிகழ்ந்த அப்போரின் களம் திருவாலங்காட்டுக்கு அண்மையில்தான் உள்ளது. சுந்தர சோழன் வருகிறான். அவன் மூத்த மகன் ஆதித்தன் பாண்டியனை வென்றபின் விண்ணுலகம் காணும் விருப்பால் மறைந்தான் என்கிறார் கவிஞர். மக்கள் இளையவன் அருள்மொழிவர்மனை முடிசூட வேண்டினர்; அவனோ தன் சிற்றப்பன் மதுராந்தகனுக்கு அந்நாட்டின்மீது விருப்பம் உள்ளவரை உள்ளத்தாலும் அரசை நாடேன் என்று ஒதுங்கினான்; மதுராந்தகன் முடிசூடி, அருள்மொழியை இளவரசன் ஆக்கினான். இதுவே சுலோகங்கள் தரும் செய்தியின் சாரம். ஐந்து பாகப் புதினத்தின் இறுதிச் சிகரம் முழுவதும் இந்தச் சில சுலோகங்களின்மேல் எழுப்பப்பட்டது.

இங்கே கவிஞர்களாகிய நாம் சற்று நிற்க வேண்டும். ஆதித்தன் விண்ணுலகம் காண விரும்பினான் என்று நாராயணர் பாடிய இடத்தில் ஒரு கொலை மறைந்து கிடக்கிறது. காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களும் அவர்தம் சுற்றத்தாரும் உடைமை இழந்ததைத் தெரிவிக்கிறது. அரசவைக் கவிஞரின் செம்பு மங்கலச் சொல்லால் மூடியதை, நிலவுடைமை பற்றிய கல் எந்த அலங்காரமும் இன்றிச் சொல்லிவிட்டது. வரலாற்றுப் புதினம் எழுதுவோன் ஒரே சான்றோடு நின்றுவிடலாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அறிஞரிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடும் உண்டு. சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியார், உத்தம சோழனாகிய மதுராந்தகனுக்குக் கொலையில் பங்கிருக்கலாம் என்று ஐயுற்றார். அவன் ஆண்ட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கடந்தபின் இராசராசன் காலத்துக் கல்வெட்டில்தான் துரோகிகளின் உடைமை பற்றிய செய்தி காணப்படுகிறது என்பது அவர் ஐயத்துக்கு ஒரு காரணம். பிற்காலச் சோழர் சரித்திரம் எழுதிய தி.வை.சதாசிவ பண்டாரத்தார் அந்த ஐயத்தை ஏற்கவில்லை. கல்கி எழுதத் தொடங்கியபோது இவ்விருவர் ஆய்வும் அவர்முன் இருந்தன. எந்தக் கருத்தை ஏற்பது என்பது அவருக்கு வெறும் புலமை வினா அன்று. அதைப் பொறுத்தே கதை நின்றது. மதுராந்தகன் கொலைக்கு உடந்தையானவன் என்றால், அவனுக்கு அரசை விட்டுக்கொடுத்த அருள்மொழியின் செயல் தியாகமாகுமா, பேதைமையாகுமா? அவன் குற்றமற்றவன் என்றால் கொலைக்குப் பின்னிருந்தவர் யார்?

கல்கி கண்ட வழி துணிச்சலானது. செப்பேட்டின் முடிவை அவர் மாற்றவில்லை. அருள்மொழி விட்டுக்கொடுக்கிறான், உத்தம சோழன் முடிசூடுகிறான். கல்வெட்டின் பெயர்களையும் மாற்றவில்லை. இரவிதாசனும் சோமனும் பரமேசுவரனும் சதிகாரராகவே வருகின்றனர். ஆனால் செம்பியன் மாதேவியாரின் உண்மை மகன் அரண்மனையில் வளர்ந்தவன் அல்லன், மலர்க்கைங்கரியம் செய்யும் சேந்தன் அமுதனே என்று ஒரு கற்பனையை இடையில் அமைத்தார். பதவி வேட்கை கொண்ட மதுராந்தகன் ஒருவன், பதவியை நாடாத உத்தமன் ஒருவன் என இரண்டு மனிதரை ஆக்கித் தியாகத்தின் பெருமையைக் காத்துக்கொண்டார். ஆதித்தனைக் கொன்ற கை எது என்பதையோ அவர் முற்றத் தெளிவாக்காமலே விட்டார். சான்றுகள் மௌனம் காத்த இடத்தில் புதினமும் பெரும்பாலும் மௌனம் காத்தது.

இந்த மாற்றம் வரலாற்றுக்கு இழைத்த தவறா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. உத்தம சோழன் செம்பியன் மாதேவியாருக்கும் கண்டராதித்தருக்கும் மகன் என்பதற்கு மேல் ஆள்மாறாட்டத்துக்கு எந்தச் சான்றும் இல்லை. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த இடத்தில் சான்று முடிகிறது, எந்த இடத்தில் தம் கற்பனை தொடங்குகிறது என்பதைக் கல்கி அறிந்தே செய்தார். கதையின் நடுவே நின்று, கல்வெட்டு இவ்வாறு சொல்கிறது, செப்பேடு இவ்வாறு சொல்கிறது என்று வாசகரிடம் எடுத்துரைக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. அறியாமல் பிறழ்வது வேறு, அறிந்து புனைவது வேறு.

வந்தியத்தேவன் படைப்பு இதற்கு மற்றொரு சான்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, இராசராசனின் தமக்கை குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கிறது. இத்தகைய சிறு குறிப்பிலிருந்தே கல்கி ஒரு முழு மனிதனை உருவாக்கினார். சான்று மிகுதியாக உள்ள இராசராசனைக் கதைத் தலைவனாக்கி அலைக்கழிக்காமல், சான்று குறைவாக உள்ளவனைக் குதிரையேற்றி ஊர் ஊராக அனுப்பினார். ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் நந்தினியும் முழுக் கற்பனை. அரசர் பெயர்கள் அசையாத் தூண்கள் என்றால், இவர்கள் அத்தூண்களுக்கிடையே தாராளமாக நடமாடும் மக்கள்.

இடங்களைப் பற்றிய அறிவும் அவ்வாறே. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் கதை தொடங்குகிறது. அந்த ஏரிக்கு அருகில்தான் கொலையைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது என்பதை அறிந்தவர், முதல் அத்தியாயத்து நீரின் பளபளப்பில் ஒரு நிழலையும் சேர்த்துக் காண்பர். இலங்கைப் பகுதிகளை எழுதியவர் அந்நாட்டை நேரில் கண்டவர். இலங்கையில் ஒரு வாரம் என்ற பயண நூலையும் எழுதியவர். அநுராதபுரத்தின் தூபியும், கோடிக்கரையின் சதுப்பு நிலமும், திருப்புறம்பயத்துப் பள்ளிப்படையும் கண்முன் நிற்பதற்கு நேரில் அறிந்த அறிவே காரணம்.

இவ்வுழைப்பைத் தந்த உடல் வலிமை வாய்ந்ததன்று. பத்திரிகை ஆசிரியப் பொறுப்பு, தமிழிசை இயக்கம், எட்டயபுரத்தில் 1947இல் திறக்கப்பெற்ற பாரதி மணிமண்டபத்துக்கான பாடு என எத்தனையோ பணிகளுக்கிடையே நோயும் அவரை வாட்டியது. வரலாற்று அறிஞன் ஐயம் தீரும்வரை காத்திருக்கலாம். தொடர்கதை ஆசிரியனுக்கு அடுத்த வாரம் காத்திராது. அந்த நெருக்கடியிலும் குலமுறையையும் ஆண்டுக்கணக்கையும் சிதையாமல் நடத்திச் சென்றார். 1954 மே மாதம் புதினம் முடிந்தது. கதைமாந்தரின் பிற்கால நிலை குறித்து வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு முடிவுரையில் விடையும் அளித்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், தம் 55ஆம் வயதில், அவர் மறைந்தார். எழுதிக்கொண்டிருந்த அமரதாரா என்னும் புதினத்தை மகள் ஆனந்தி நிறைவு செய்தார். அலை ஓசைக்குச் சாகித்திய அகாதெமி விருது 1956இல் வந்தபோது பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

அவர் திறந்த வழியில் அகிலனும் சாண்டில்யனும் செகசிற்பியனும் பிறரும் நடந்தனர். செப்பேட்டை அளித்த இராசேந்திரனையே தலைவனாக்கி அகிலன் படைத்த வேங்கையின் மைந்தன் 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் பொன்னியின் செல்வன் இரு பகுதிகளாகத் திரைப்படமாகவும் வந்தது. இந்தப் புகழில் ஓர் இடரும் உண்டு. நந்தினியை வரலாற்று மாந்தர் என்றே நம்புவோர் இன்று பலர். புதினம் வென்ற அளவுக்குச் செப்பேடு மறக்கப்பட்டது. கல்கி எந்தச் சான்றைத் தேடிப் படித்து எழுதினாரோ, அந்தச் சான்றை அவர் நூலே மறைத்துவிடுமானால் அது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

நம் வட்டத்தார் பலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முறைவேலை முடித்து வந்து இரவில் எழுதுபவர்கள். உலோகத்தின் இயல்பு நம் கைகளுக்குத் தெரியும். செம்பில் ஓர் எழுத்தை வெட்டுவது என்ன உழைப்பு என்பதை நாம் பிறரினும் நன்கு உணர்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வெட்டப்பட்ட ஒரு கவிதையே பெரும் புதினம் ஒன்றுக்கு அடித்தளமாயிற்று. அந்தக் கவிஞர் தம் அரசனின் தந்தையைப் புகழ்ந்தார், கொலையை மங்கலமாக மூடினார் என்பதையும் நாம் மறவாதிருப்போம். கவிஞனின் சொல் ஒருநாள் சான்றாகிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

வரலாற்றுக் கதை எழுத விழைவோர்க்கு நம்மைச் சுற்றிலும் களங்கள் உண்டு. தக்கோலத்துப் போர்க்களம் உண்டு. 1613இல் கெல்ட்ரியாக் கோட்டை எழுப்பிய ஒல்லாந்தரின் கல்லறைகள் நிற்கும் பழவேற்காடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி உண்டு. அரசகுலத்தைப் பாடும் சுலோகங்களைக் கல்கி எடுத்துக்கொண்டார். பழையனூரின் எல்லைகளைச் சொல்லும் 500க்கு மேற்பட்ட தமிழ் வரிகள் தம் கதையாசிரியனுக்காக இன்னும் காத்திருக்கின்றன. அந்நிலங்களில் உழுதவர் யார், தேவதானம் ஆனபின் அவர்கள் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பதைச் செப்பேடு சொல்லவில்லை. அந்த மௌனம் எங்கே தொடங்குகிறது என்று முதலில் வரிவரியாகப் படித்து அறிதல் வேண்டும். அதன்பின் பேனாவை எடுப்பதே கல்கி காட்டிச் சென்ற நெறி.